யானைக் கட்சியும் சிலந்திக் கட்சியும்

திருவானைக்காவலில் பழைய ஜீப்புக்கு டயர் மாற்றுவது தனி மனிதன் விவகாரம் அல்ல, ஊர்ப் பஞ்சாயத்து. தல புராணமே ஒரு யானைக்கும் ஒரு சிலந்திக்கும் நடந்த தகராறு என்பதால், எதை எடுத்தாலும் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இங்கே வழக்கம். நாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழக்கூடாதென்று சிலந்தி வலை பின்னியது. அதைத் தூசு என்று நினைத்து யானை பிய்த்து எறிந்துவிட்டுத் தும்பிக்கையில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்தது. பக்தியில் இரண்டும் சளைத்ததில்லை. ஆனால் ஒன்று செய்வது மற்றதற்குப் பிடிக்கவில்லை. டயர் விஷயத்திலும் அதேதான்.

ஜீப் 1989 மாடல் மஹிந்திரா, டீசல். மாமனார் வழியில் வந்தது. வரதட்சணை என்று கேஸ் போட்டால் போலீஸே நம்பாது, அப்படி ஒரு நிலைமையில் வந்தது. டயர் சைஸ் 6.00-16. அதாவது ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து அனுப்பிய ஜீப்புகளில் ஓடிய அதே அளவு. அந்தப் பட்டாளத்து டயரின் பட்டனில், அதாவது தரையில் பதியும் ரப்பர்க் கட்டைகளில், ஒரு தந்திரம் உண்டு. வண்டி முன்னால் போனாலும் பின்னால் போனாலும் மண்ணில் விழும் தடம் ஒன்றுதான். எந்தத் திசையில் போனான் என்று எதிரிக்குத் தெரியாது. ஜெர்மன்காரனிடம் இது பலித்திருக்கலாம். என் வீட்டில் பலிக்காது. தடத்தைப் பார்க்காமலே, "பார்த்தசாரதி விலாஸ்ல நெய் ரோஸ்ட்டா?" என்று கேட்டுவிடுவாள் மனைவி.

யானைக் கட்சிக்குத் தலைவர் என் மச்சினன். உயரம் 31 அங்குலம், அகலம் பத்தரை அங்குலம், சேற்றுக்கென்றே செய்த டயர் நான்கைப் போட வேண்டும் என்பது அவன் கொள்கை. "மாமா, நிறுத்தி வச்சிருந்தாலே வண்டி மிரட்டணும்" என்றான். யாரை மிரட்ட வேண்டும் என்று கேட்டேன். அதற்குக் கட்சியில் தீர்மானம் எதுவும் இல்லை.

அந்த டயர் ஏற வேண்டுமானால் முதலில் ரிம்மைப் பதினைந்து அங்குலத்துக்கு மாற்ற வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது. இப்போதே சன்னதி வீதியில் வண்டியைத் திருப்பி நிறுத்தினால் தோள்பட்டைக்குத் தைலம் தேவைப்படுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் போகும் என்பதால் மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55ஐத் தொடும். முப்பத்தைந்து வயது தாண்டிய டீசல் இன்ஜினுக்கு இழுவை குறையும். மலை ஏறுவதற்கென்று போட்ட டயரே மலை ஏற விடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் பாடியில் உரசும். யானையிடம் அடிபட்ட சிலந்தி மறு பிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை நுழைய முடியாதபடி மாடக்கோயில்களாகக் கட்டியதாகச் சொல்வார்கள். மஹிந்திராவில் மட்கார்டு வரைந்தவர் அந்த வம்சமாகத்தான் இருக்க வேண்டும்.

சிலந்திக் கட்சியின், அதாவது ஒல்லி டயர்க் கட்சியின், தலைவர் பாலக்கரையில் டயர் கடை வைத்திருக்கும் பாய். பேச்சு குறைவு. "சேறுன்னா சார், ஒல்லி வெட்டிக்கிட்டு கீழ போகும், அகலம் மேல மெதக்கும். அடியில கெட்டித் தரை இருந்தா ஒல்லி போடு. இல்லேன்னா அகலம்." டயர் சாஸ்திரத்தில் பாதி இதற்குள் அடங்கிவிட்டது. மீதிப் பாதி மணல். கொள்ளிடக் கரை மணலில் கீழே கெட்டித் தரை என்று ஒன்று லேசில் அகப்படாது. ஒல்லி டயர் தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

இந்த ஒரு இடத்தில் யானைக் கட்சிக்கு நியாயம் உண்டு. நம் கோயில் யானை அகிலா நடக்கும்போது கொஞ்சம் குனிந்து பாதத்தைப் பாருங்கள். எடை இறங்கியதும் பாதம் பரந்து விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. அதனால்தான் அத்தனை பெரிய உடம்பு சேற்றில் மாட்டாமல் காலை உருவிக்கொள்கிறது. ஜீப்பில் இந்த வித்தைக்குப் புது டயர் வாங்க வேண்டியதில்லை, காற்றைக் கொஞ்சம் இறக்கினால் போதும். தரையில் பதியும் பரப்பு நீளும். ஆனால் ட்யூப் டயரில் ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மில் வழுக்கி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். தார் ரோட்டுக்கு வருமுன் திரும்ப அடித்துக்கொள்ளவும் வேண்டும். பம்ப் இல்லாமல் காற்றை இறக்குகிற வீரர்களைப் பார்த்திருக்கிறேன். மீட்க டிராக்டர் வந்தது.

வீட்டில் நிதி மந்திரியின் யோசனை வேறு. "ரெண்டு இப்போ வாங்குங்க, ரெண்டு தீபாவளிக்கு." கேட்க நியாயமாக இருக்கிறது. லாரிக்காரர்கள் முன்னால் ஒரு பட்டன், பின்னால் ஒரு பட்டன் போட்டு காஷ்மீர் வரை போய் வருகிறார்கள். பழைய ஜீப்பில் சிக்கல் என்னவென்றால், நான்கு சக்கரமும் இழுக்க ஃப்ரண்ட் கியரைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. தேய்ந்த டயரும் புது டயரும் ஒரே தூரத்துக்கு ஒரே கணக்கில் சுற்றாது. கெட்டித் தரையில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக் கியர் பெட்டியைப் பதம் பார்க்கும். இதையெல்லாம் காப்பி டம்ளரையும் டபராவையும் வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஃப்ரண்ட் கியரப் போடாதீங்க. நீங்க அதப் போட்டு எந்தக் காலம்?" என்றாள்.

அதுதான் கேள்வி. ஜீப் எங்கே போகிறது? காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறது. ஸ்ரீரங்கத்து உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பந்திப் பாய் ஏற்றிக்கொண்டு போகிறது. எப்போதாவது துறையூர் வழியாகப் பச்சைமலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். அங்கே சேற்றைக் கடிக்கிற பட்டன் வேலைக்காகாது. மழை ஈரத்தில் வழுக்காத ரப்பர் வேண்டும், இறக்கத்தில் பிரேக் சொன்னபடி கேட்கிற எடையில் சக்கரம் வேண்டும். சேற்று டயர் தார் ரோட்டில் ஊளையிடுவது தனிக் கதை. மச்சினனின் கற்பனையில் இந்த ஜீப் அமேசான் காட்டில் ஓடுகிறது. அவன் கற்பனைக்கு நான் பில் கட்ட முடியாது.

ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் இந்த வண்டியில் டயர் தேய்ந்து சாவதில்லை, மூப்பில் சாகிறது. கழற்றிய டயரில் பட்டன் அப்படியே இருந்தது. சைடு வாலில் மட்டும் கோடை வயல் மாதிரி வெடிப்பு. நைலான் டயர் ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால் அடிப்பக்கம் சப்பை விழும். காலையில் தடக் தடக் என்று கிளம்பி, காவிரிப் பாலம் ஏறும்போதுதான் சூடேறி வட்டத்துக்குத் திரும்பும். ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்குப் பட்டன் ஆழத்தைவிட டயர் பிறந்த தேதி முக்கியம். சைடு வாலில் நான்கு எண் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். புத்தம் புதுசு என்று ஒரு கடையில் எடுத்துக் காட்டிய டயர், கொரோனாவுக்கு முன்பே பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்தது.

கடைசியில் பாயிடம் அதே 6.00-16, நைலான், ட்யூபோடு, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான பட்டன், ஸ்டெப்னி சேர்த்து ஐந்தும் ஒரே சமயத்தில் வாங்கினேன். சிலந்திக் கட்சி ஜெயித்தது. யானைக் கட்சித் தலைவர் வெளிநடப்புச் செய்து, நெய் ரோஸ்ட் என்றதும் முன் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நீங்களும் பழைய ஜீப் வைத்திருந்தால் கடைக்குப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். ஐந்து டயரிலும் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். ஒன்றிரண்டில் எண் உள்பக்கம் இருக்கும், டயரைப் புரட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், படித்து முடிக்கும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.