பெரியப்பா பெயரைப் போடலாமா?

வேலை தேடுவோரும் வேலை மாறுவோரும் ‘ரெஃபரன்ஸ்’ பற்றிக் கேட்ட கேள்விகளும் நமது பதில்களும்

புதுப் பட்டதாரி, திருநெல்வேலி: விண்ணப்பத்தில் இரண்டு ரெஃபரன்ஸ் கேட்கிறார்கள். எனக்கு அனுபவமே இல்லை. பெரியப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். அவர் பெயரைப் போடலாமா?

கம்பெனியிலிருந்து போன் வரும். “பையனை எத்தனை வருஷமா தெரியும் சார்?” என்பார்கள். “பிறந்ததுல இருந்தே!” என்று பெரியப்பா பெருமையாகச் சொல்வார். உங்கள் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். வள்ளுவரே ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு 51, 52 என்று இரண்டு அதிகாரம் எழுதி முடித்த பிறகு, 53-ல்தான் சுற்றத்தாரைத் தழுவச் சொல்கிறார். நீங்கள் வரிசையை மாற்றாதீர்கள். புராஜெக்ட் கைடு, இன்டர்ன்ஷிப்பில் உங்களிடம் வேலை வாங்கியவர், என்.எஸ்.எஸ். முகாமில் உங்களைப் புல் செதுக்க வைத்த பேராசிரியர் ஆகியோரில் இருவரைக் கேளுங்கள். லீவில் ஏதாவது கடையில் கணக்கு எழுதியிருந்தால் அந்த முதலாளியும் சரி. தாசில்தார் பதவி அவருக்கு இல்லைதான். ஆனால் நீங்கள் வேலை செய்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

தீவிர நம்பிக்கையாளர், மதுரை: எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதாக வட்டச் செயலாளர் சொல்கிறார். வாங்கலாமா?

எம்.எல்.ஏ. உங்களைப் பார்த்திருக்கிறாரா? இல்லையென்றால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் தூதராகப் பாரிஸில் இருந்த அவரிடம், அமெரிக்கப் படையில் சேர ஆசைப்பட்ட பலர் சிபாரிசுக் கடிதம் கேட்டு நச்சரித்தார்கள். முகம் தெரியாத ஆட்களுக்காகவே 1777 ஏப்ரலில் அவர் ஒரு மாதிரிக் கடிதம் எழுதிவைத்தார். அதன் சாரம் இது: இதைக் கொண்டுவருபவர் கடிதம் வேண்டும் என்று நெருக்குகிறார். எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. அவருடைய குணத்தையும் தகுதியையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வட்டச் செயலாளர் வாங்கித் தரும் கடிதத்திலும் இதுதான் இருக்கும். என்ன, கொஞ்சம் மரியாதையான நடையில் இருக்கும்.

தேர்வு எழுதிக்கொண்டே இருப்பவர், விழுப்புரம்: அரசுத் தேர்வுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். என்னை முன்பின் பார்த்திராத அதிகாரி, என் நடத்தை நல்லது என்று எப்படிச் சொல்கிறார்?

பச்சை மைக்கு நெற்றிக்கண் உண்டு.

கணக்காளர், கோயம்புத்தூர்: பயோடேட்டாவின் அடியில் ‘கேட்டால் ரெஃபரன்ஸ் தரப்படும்’ என்று எழுதுவது நல்லதா?

கேட்டால் தராமல் போய்விடுவீர்கள் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யத் தெரியும் என்று எழுதுங்கள். ரெஃபரன்ஸுக்குத் தனியாக ஒரு தாள் வையுங்கள். பெயர், பதவி, நிறுவனம், போன் நம்பர், அலுவலக மின்னஞ்சல், பேச வசதியான நேரம், எந்த வருடம் எந்த வேலையில் உங்களைப் பார்த்தவர் என்று ஒரு வரி. கடைசியில் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எதிர்முனையில் இருப்பவர் முதலில் தேடுவதும் அதைத்தான். இந்தத் தாளை நேர்முகத் தேர்வுக்குப் பிறகு, கேட்கும்போது கொடுங்கள். நம்பரோடு சேர்த்து வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்றிவிட்டால், உங்கள் பழைய முதலாளிக்கு வேலைக்கான போன் வருமோ என்னவோ, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று தினமும் போன் வரும்.

குவாலிட்டி இன்ஜினியர், ஸ்ரீபெரும்புதூர்: பழைய மேனேஜரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமலே அவர் பெயரைக் கொடுத்தால் என்ன?

அவர் மச்சினன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன் வரும். கெட்டிமேளத்துக்கு நடுவே, “யாரு? எந்தப் பையன்? நம்மகிட்டயா இருந்தான்?” என்பார். அந்த மூன்று கேள்விகளும் அப்படியே எச்.ஆர். குறிப்பில் ஏறும். கூச்சத்தை விட்டுவிட்டு முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “என் பேரைச் சொல்லுங்க சார்” என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள், அதுதான் ஆபத்து. “என் வேலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல உங்களுக்கு விஷயம் இருக்கிறதா? இல்லையென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்” என்று கேளுங்கள். அவர் இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். சரி என்றால், வேலை விளம்பரத்தையும் உங்கள் பயோடேட்டாவையும் அனுப்பி, நீங்கள் ரிஜெக்‌ஷனைக் குறைத்த அந்த லைன் எது என்பதையும் நினைவூட்டுங்கள். அவருக்கு ஆயிரம் கவலை, உங்கள் சாதனை அவருக்கு மனப்பாடமாக இருக்காது.

பெயர் வேண்டாம், சென்னை ஓ.எம்.ஆர்.: நான் வேலை தேடுவது இப்போதைய மேனேஜருக்குத் தெரியாது. புதிய கம்பெனியோ அவர் நம்பரைக் கேட்கிறது.

ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள். இதை மறைக்க வேண்டியதில்லை, நேராகவே சொல்லலாம். எல்லா எச்.ஆரும் இதைக் கேட்டுப் பழகியவர்கள்தான், அவர்களில் பாதிப் பேர் தாங்களே வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். அதற்குப் பதில் முந்தைய நிறுவனத்து மேனேஜர், உங்கள் டீமிலிருந்து விலகி வேறிடம் போன லீட், உங்களோடு தினமும் பேசிய கிளையன்ட் ஆகியோரைக் கொடுங்கள். கிளையன்ட் பெயரை மட்டும், அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று உறுதி செய்துகொண்டு கொடுங்கள்.

துணிச்சல்காரர், சேலம்: ஒரு வருட இடைவெளியை அனுபவமாகக் காட்டப்போகிறேன். என் நண்பன் மேனேஜர் மாதிரிப் பேசத் தயார். குரல் நல்ல கனமான குரல்.

குரல் பிரமாதமாக இருக்கட்டும், வருங்கால வைப்பு நிதி அதற்கு ஒத்துப் பாடாதே! 2014-ல் வந்த அதன் 12 இலக்க யு.ஏ.என். எண்ணுக்குள், நீங்கள் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. சரிபார்க்கும் ஏஜென்சிக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிறகு கம்பெனி டொமைன் கொண்ட மின்னஞ்சலிலிருந்து பதில் வேண்டும் என்பார்கள். நண்பன் ஜிமெயிலோடு நிற்பான். பிடிபட்டால் வேலைக்குச் சேர்ந்த பிறகுகூட வீட்டுக்கு அனுப்புவார்கள். இடைவெளியைப் பற்றி இரண்டே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள், நண்பன் சினிமாவுக்கு டப்பிங் பேசப் போகட்டும்.

இல்லத்தரசி, கும்பகோணம்: சிபாரிசுக் கடிதத்தால் உண்மையிலேயே முன்னுக்கு வந்தவர் யாராவது உண்டா?

உங்கள் ஊரில் வளர்ந்தவரே உண்டு. எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜன், 1910 வாக்கில் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமஸ்வாமி ஐயரிடம் போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமஸ்வாமி ஐயர் 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜனின் கணக்கு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தாலுகா ஆபீஸில் உட்காரவைத்தால் பாழாகிவிடுவார் என்று, வேலை தராமல் சென்னையிலிருந்த கணக்கு நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய சிபாரிசை இணைத்தார் ராமானுஜன். மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மறுவருடம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வந்தது.

கவனித்தீர்களா? எழுதிக்கொடுத்த ஒவ்வொருவரும் கணக்கு தெரிந்தவர், ராமானுஜனின் திறமையை அறிந்து எழுதியவர். டெபுடி கலெக்டரின் கடிதத்துக்கும் மதிப்பு வந்தது பதவியால் அல்ல, அவருக்குக் கணக்குத் தெரியும் என்பதால்தான்.

மென்பொருளாளர், ஸ்டுட்கார்ட்: இங்கே வேலையை விடும்போது தந்த சான்றிதழில் ‘பணிகளைச் செய்ய முயன்றார்’ என்று எழுதியிருக்கிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது.

மகிழ்ச்சியை நிறுத்துங்கள். ஜெர்மனியில் வேலையை விடுபவர் எழுத்துச் சான்று கேட்டு வாங்கச் சட்டம் இடம் தருகிறது. அது அவருடைய எதிர்காலத்தைக் கெடுக்காமல் நல்லெண்ணத்தோடு இருக்க வேண்டும் என்பதும் அங்கே நீதிமன்ற மரபு. திட்ட முடியாது என்றதும் முதலாளிகள் பாராட்டிலேயே மார்க் போடக் கற்றுக்கொண்டார்கள். ‘எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தி’ என்றால் முதல் வகுப்பு. ‘முழுத் திருப்தி’ நடுத்தரம். வெறும் ‘திருப்தி’ என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். ‘முயன்றார்’ என்றால் முயன்றதோடு சரி, ஃபெயில். சான்றிதழில் மறைபொருள் கூடாது என்று அதே சட்டம் சொல்வதுதான் வேடிக்கை. திருத்தித் தரும்படி எழுதிக் கேளுங்கள். இதற்காகத் தொழிலாளர் நீதிமன்றம் போகிறவர்களும் அங்கே உண்டு.

நர்ஸ், லண்டன் ஈஸ்ட் ஹாம்: பழைய இடத்தில் என்னைப் பற்றி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி என்று மூன்றே தகவல் தந்திருக்கிறார்கள். என்மேல் கோபமா?

கோபமில்லை, வக்கீல் பயம். கவனக்குறைவாக எழுதிய ரெஃபரன்ஸால் ஒருவருக்கு இழப்பு வந்தால் முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று 1994-ல் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் தீர்ப்பளித்தது. அதிலிருந்து பல நிறுவனங்கள் தேதியோடு நிறுத்திக்கொள்கின்றன. தேதிகளை அலுவலகம் சொல்லட்டும். உங்கள் கைராசியைச் சொல்ல, கூட வேலை பார்த்த வார்டு மேனேஜரைத் தனியாகக் கேளுங்கள்.

வேலை கிடைத்தவர், ஈரோடு: ரெஃபரன்ஸ் தந்தவருக்கு என்ன செய்ய வேண்டும்?

போன் செய்து சொல்லுங்கள். வேலை கிடைக்காமல் போயிருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும், அவரும் உங்களுக்காகப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். நேரில் போனால் கால் கிலோ மைசூர்பா போதும். நம்பரை மட்டும் அழித்துவிடாதீர்கள். கேள்வியின் அவசரத்தைப் பார்த்தால், இந்த வேலையிலும் நீங்கள் ரொம்ப நாள் இருக்கிற ஆளாகத் தெரியவில்லை.