பூட்டனைப் பிடிப்பது எப்படி?

இந்த வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். உங்கள் பூட்டனார் யாராக இருந்திருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரத்தைப் பிறகு தேடலாம். ஜமீன் திவான், பாளையக்காரரின் தளபதி, வெள்ளைக்காரனை அடித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடியவர், இவர்களில் யாராக இருந்தாலும் சரி. குதிரை வைத்திருந்தார் என்பது குறைந்தபட்சத் தகுதி. நம் குடும்பக் கதைகளில் மேயும் குதிரைகளுக்கெல்லாம் கொள்ளு போட்டிருந்தால் இந்த நாட்டில் கொள்ளுச் சாகுபடியைத் தவிர வேறெதுவும் நடந்திருக்காது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பூட்டன் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

முடிவு செய்தாயிற்றா? அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: "சென்சஸ்ல பாத்தா இருக்காதா?"

இருக்காது. வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான் என்பது நம்முடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எழுதினான், எண்ணினான், கூட்டிப் போட்டான். அச்சுக்கு வந்தது கூட்டுத்தொகை மட்டும். 1871இல் கார்னிஷ், 1901இல் பிரான்சிஸ், 1931இல் ஈட்ஸ் என்று ஒவ்வொரு மேற்பார்வையாளரும் சென்னை மாகாணத்துக்குத் தடித்தடியாக அறிக்கை எழுதியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை கைம்பெண்கள், எத்தனை பேருக்குக் கண் தெரியாது என்பதெல்லாம் கிடைக்கும். அந்தக் கைம்பெண்களில் ஒருத்தி உங்கள் பூட்டியா என்றால் அறிக்கை வாய் திறக்காது. விடுதலைக்குப் பிறகு வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாயைத் தைத்தே விட்டது. வீடு வீடாக நிரப்பிய படிவத்தை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்து காட்டுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. பொறாமையாக இருந்தால் அயர்லாந்தை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது அங்கே எஞ்சியிருந்த பழைய கணக்கில் பெரும்பகுதி சாம்பலாகப் போயிற்று.

நம் சென்சஸில் ஒரே ஒரு அதிர்ஷ்டச் சீட்டு உண்டு. 1961 கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் சில கிராமங்களைப் பொறுக்கி எடுத்து, ஊருக்கொரு புத்தகமாக ஆய்வு நூல் போட்டார்கள். வீடு, பாத்திரம், நகை, கடன், கலியாணச் செலவு எல்லாம் அதில் உண்டு. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் கொண்டாடுங்கள். அநேகமாகப் பக்கத்து ஊர்தான் இருக்கும்.

ஆகவே வண்டியைக் கோயிலுக்குத் திருப்புங்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 1563இல் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் பங்குதோறும் ஏடு வைக்கச் சொன்னது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் சாவையும் சேர்த்துக்கொண்டது. கூலிக்காரன் பெயரையும் அவன் பெண்டாட்டி பெயரையும் தேதி போட்டு எழுதிய புத்தகம் நம் கிராமங்களில் வேறு எங்கே இருந்தது?

இப்போது இருக்கும் பங்குக் கோயிலுக்கு நேராகப் போய் நின்றால் பாதி நாள் வீண். உங்கள் ஊர் தனிப் பங்கானது பூட்டனார் செத்துப் பல வருஷம் கழித்தாக இருக்கும். அதற்கு முன் அது கிளைக் கிராமம், பதிவெல்லாம் தாய்ப்பங்கில். அந்தத் தாய்க்கும் ஒரு தாய் உண்டு. மறைமாவட்டங்களும் இப்படித்தான் பாகம் பிரிந்தன: 1899இல் கும்பகோணம், 1923இல் தூத்துக்குடி, 1930இல் கோட்டாறு, 1938இல் மதுரை. இது போதாதென்று, போர்ச்சுகல் அரசரின் உரிமையில் வந்த கோவா குருக்களுக்கும் ரோமாபுரி நேரடியாக அனுப்பிய குருக்களுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கச் சண்டை. ஒரே ஊரில் இரண்டு கட்சி, இரண்டு கோயில், இரண்டு ஏடு. பூட்டனார் எந்தக் கட்சி என்று தெரியாமல் போனால், தப்பான பீரோவின் முன்னால் பக்தியோடு நின்றுகொண்டிருப்பீர்கள்.

பங்குச் சாமியாரைப் பார்க்கத் திருவிழாக் கொடியேற்றத்தன்று காலை போங்கள். உங்களை என்றைக்கும் மறக்கமாட்டார். பழைய ஏட்டைக் கேட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரும் சொத்து வழக்குக்கோ சாதிச் சான்றிதழுக்கோதான் வருவார்கள் என்பது அவர் அனுபவம். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு" என்று நீங்கள் சொன்னதும் அவர் சந்தேகம் உறுதியாகிவிடும். உண்மையில் சாவி இருப்பது கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம். அவர் கேட்பது ஒரே கேள்வி: "எந்த வருஷம்னு தெரியுமாய்யா?"

தெரியும் என்று வீரமாகச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் "விக்கிரம வருஷம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். விக்கிரம வருஷம் 1880இலும் வந்தது, 1940இலும் வந்தது. அறுபது வருஷத்து ஏடுகளைக் கோயில்பிள்ளை இறக்கி வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

ஏடு வந்துவிட்டது. முழங்கை நீளம், தோல் அட்டை, ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே நேர்கோடு. ஒவ்வொரு பதிவும் லத்தீனில் 'எகோ இன்ஃப்ராஸ்கிரிப்துஸ்' என்று, அதாவது கீழே கையெழுத்திட்டிருக்கும் நான் என்று தொடங்கும். அதற்குப் பிறகு தேதி, பிள்ளையின் பெயர், அப்பன், ஆத்தாள், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய். கீழே இட்ட கையெழுத்து மட்டும் யாருக்கும் புரியாது.

பெயரில்தான் சாமியார்கள் விளையாடியிருக்கிறார்கள். வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேப்புஸ். யாகப்பனும் சந்தியாகுவும் ஒரே புனிதரின் பெயர் என்பதால் அண்ணன் தம்பி இருவரும் யாக்கோபுஸ் ஆகிவிடுவார்கள். சவரிமுத்துவை ஒருவர் சேவியர் என்பார், இன்னொருவர் சௌரி என்பார். புதுச்சேரிப் பக்கம் வந்த பிரெஞ்சுக் குரு தன் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக் கூட்டி எழுதுவார். ஒரே ஆள் பிறந்தது ஒரு பெயரில், கட்டியது ஒரு பெயரில், போய்ச் சேர்ந்தது மூன்றாவது பெயரில். இதோடு தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சவரிமுத்து மகன் அந்தோணி, அந்தோணி மகன் சவரிமுத்து, அவன் மகன் மறுபடி அந்தோணி. குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எந்த அந்தோணி உங்களுடையவர்? கொஞ்சம் வசதியாகத் தெரிகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"எங்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கே" என்று முத்துக்குளித்துறைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1530களில் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் கூட்டமாகவே வந்து சேர்ந்தன. பெர்னாண்டோ என்று தேடத் தொடங்கினால் மணப்பாட்டிலிருந்து நீர்கொழும்புவரை எல்லோரும் பங்காளி.

ஒரு உருப்படியான யோசனையும் சொல்லிவிடுகிறேன், கட்டுரைக்குப் பழி வராமல் இருக்கட்டும். சில பெயர்களுக்குப் பிறந்த தேதி உண்டு. பிரான்சு நாட்டு லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்தது 1858இல். அதற்கு முன் எந்தக் குழந்தைக்கும் லூர்துசாமி என்று பெயர் வைத்திருக்க முடியாது. கட்டபொம்மன் தூக்கில் தொங்கியது 1799இல். ஆகவே கட்டபொம்மன் படையில் வேல் பிடித்த உங்கள் லூர்துசாமிப் பூட்டனார் ஒன்று பெயரை மாற்ற வேண்டும், அல்லது படையை மாற்ற வேண்டும். அதேபோல, 1908 முதல் நடந்த கலியாணங்களை அந்தந்த ஆளின் ஞானஸ்நானப் பதிவுக்குப் பக்கத்தில் ஓரக்குறிப்பாக எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பொடி எழுத்தில் ஓரமாக ரங்கூன் என்றோ பினாங்கு என்றோ இருந்தால் விட்டுவிடாதீர்கள். ஊரில் காணாமல் போன சித்தப்பா அங்கேதான் இருப்பார்.

கலியாண ஏட்டுக்கு வருவோம். மூன்று ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தார்களா, யார் சாட்சி என்பதெல்லாம் இருக்கும். ஆனால் புதையல் அங்கே இல்லை. தடை நீக்கக் காகிதங்களில் இருக்கிறது. அன்றைய திருச்சபைச் சட்டப்படி நான்கு தலைமுறை மேலே ஒரே மூதாதை இருந்தால்கூடக் கலியாணத்துக்குத் தடை. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புதான் அதை மூன்றாகக் குறைத்தது. நம் ஆட்களோ மாமன் மகளை விட்டு வேறு பெண்ணைப் பார்ப்பது அவமானம் என்று நினைத்தவர்கள். அத்தை மகன், அக்காள் மகள், எதையும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் சாமியார் தலையில் அடித்துக்கொண்டு, மாப்பிள்ளை இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம், மேலே பொதுத் தாத்தா பாட்டி என்று கோடு போட்டு விளக்கி மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கோட்டுப் படம் பிழைத்திருந்தால், நீங்கள் ஆறு மாதம் அலைந்து கண்டுபிடிக்க வேண்டியதை அவர் அரைப் பக்கத்தில் முடித்து வைத்திருப்பார். முறைப்பெண்ணைக் கட்டிய முன்னோருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். மற்றவர்களுக்குப் பூட்டன் பூட்டி வரிசையில் எட்டுப் பேர் இருப்பார்கள். பெற்றோர் மாமன் மகள், அத்தை மகனாக இருந்தால் உங்களுக்கு ஆறு பேர்தான். தேடும் வேலையில் கால் பங்கு மிச்சம்.

ஏட்டில் நீங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் ஒப்பிக்கும் ஏழு தலைமுறையில் ஒரு பெண் பெயராவது உண்டா? சந்தியாகு பெற்ற சவரிமுத்து, சவரிமுத்து பெற்ற இன்னாசி என்று ஆண்களே ஆண்களைப் பெற்றுக்கொண்டு போவார்கள். ஏடு அப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆத்தாள் பெயர் உண்டு. அந்தோணியம்மாள் என்ற பெயர் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஞானஸ்நான ஏட்டில் வரும். நடுநடுவே இறப்பு ஏட்டில் அவள் பிள்ளைகள் வருவார்கள், வயது மூன்று நாள், எட்டு மாதம் என்று. பிறகு ஒரு நாள் அவளே வருவாள். அடுத்த வருஷக் கலியாண ஏட்டில் அவள் புருஷன் மாப்பிள்ளை. அந்தக் குடும்பத்தில் குதிரையைப் பற்றிக் கதை இருக்கும். இவளைப் பற்றி இருக்காது.

இறப்பு ஏட்டில் வயதை நம்ப வேண்டாம். பெரியவர்கள் எல்லோரும் 40, 50, 60 என்று ஒழுங்காகப் பூச்சியத்தில்தான் செத்திருப்பார்கள். 1876 முதல் 1878வரையுள்ள பக்கங்கள், தாது வருஷப் பஞ்சம், சாப்பிட்ட பிறகு பார்க்க வேண்டியவை அல்ல. சில இடங்களில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இக்னோத்துஸ்' என்று இருக்கும். அதை ஒரு ஊர்ப் பெயர் என்று வீட்டில் சொல்லிவிடலாம். தெரியாது என்று பொருள் என்பது யாருக்கும் தெரியாது. சாதியைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிய ஏடுகளும் உண்டு. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வடக்கன்குளத்தில் 1872இல் எழுப்பிய கோயிலையே, இரண்டு சாதித் தரப்பும் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காணும்படி கால்சட்டை வடிவில் கட்டியவர்கள் நாம். திவானைத் தேடி வந்த பலர் இந்தச் சாதிக் குறிப்பைப் பார்த்ததும் ஏட்டை மூடிவிட்டு பஸ் பிடிக்கிறார்கள்.

நீங்கள் மூடாமல் இருந்தால், கண்டுபிடித்ததைப் பெரிய தாளில் வரைந்து குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுங்கள். குதிரை ஏன் இல்லை என்று பெரியப்பா கேட்பார். இரண்டாம் தாரத்தை ஏன் போட்டாய் என்று அத்தை அழைப்பார். ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவைவிட்டு வெளியேறுவார். அவருக்குப் பாகப் பிரிவினையில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

கேலியை நிறுத்திவிட்டு ஒரு வேண்டுகோள். எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். எழுத்து மங்கியிருக்கிறது என்று பேனாவால் மேலே எழுதிப் பார்க்காதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சாமியார் அனுமதி கொடுத்தால் உங்கள் வீட்டுப் பதிவோடு நிற்காமல் அந்த ஏடு முழுவதையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து, ஒரு பிரதியைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு வாருங்கள். பல பங்குகளில் அந்த ஏட்டுக்கு வேறு நகல் கிடையாது.