தரிசனத்துக்கு வந்தவர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனை டாக்டருக்கு வாயே கிடையாது; அவருக்கும் சேர்த்துக் கம்பவுண்டர்தான் பேசுவார். பாதிக் கதவுக்குள்ளே காதோடு காதாகக் கேட்டு டாக்டர் எழுதிய சீட்டு, மரத்தடுப்பின் ஓட்டை வழியே அந்தப் பக்கம் போனதும், "பேதி மிக்சர் யாருக்குய்யா?" என்று கேட்கும் குரலில் பெஞ்சே திரும்பிப் பார்க்கும். நாமே கொண்டுபோன பாட்டிலில் ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பசை தடவி அவர் ஒட்டித் தரும் அழகை இன்று எந்த மருந்துக்கடையில் பார்க்க முடிகிறது? அந்தப் பாட்டிலோடு வீடு திரும்புவதற்குள் ஏழு திண்ணைகள் விசாரித்துவிடும், அதில் இரண்டு சுக்கும் சிபாரிசு செய்யும்.

இதனால்தான் 1978-இல், எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் பார்த்து இடுப்பில் படர்தாமரை வந்தபோது, உலகமே இடிந்ததாக நினைத்துக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டர். உள்ளே நுழைந்தால் பெஞ்சின் ஓரத்தில், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, எங்கள் சித்தப்பா.

"தரிசனத்துக்கு வந்தியா?" என்றார்.

"ஆமா சித்தப்பா. நீங்க?"

"நானும் தரிசனத்துக்குத்தான்."

தோல் டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்தபடி இரண்டு பேரும் நடராஜர் மேல் பழியைப் போட்டோம். எனக்குக் கிடைத்தது ஒரு டப்பா விட்ஃபீல்டு களிம்பு. அவருக்கு என்ன கிடைத்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாயை மூடுவது டாக்டருடைய குணம் என்று அப்போது நினைத்திருந்தேன். 2002-இல் மருத்துவக் கவுன்சில் அதை விதியாகவே எழுதி வைத்து, கூடவே மூன்று ஜன்னலையும் திறந்துவிட்டது: நீதிபதி உத்தரவிட்டால் சொல்லலாம், குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து என்றால் சொல்லலாம், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் என்றாலும் சொல்லலாம். (காசநோய் 2012-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது, தனியார் டாக்டரும் தெரிவித்தாக வேண்டும்.) வக்கீலிடம் சொன்னதைக் கோர்ட்டில் அவ்வளவு சுலபமாகக் கறக்க முடியாது, டாக்டருக்கு அந்தக் கவசம் இல்லை. ரத்தம் கொடுக்கப்போய் எச்.ஐ.வி. என்று தெரிந்து, விஷயம் கசிந்து, கல்யாணம் நின்றுபோன ஒருவர் மருத்துவமனை மேல் போட்ட வழக்கில், கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணின் உயிருக்கு முன்னால் அவருடைய ரகசியம் நிற்காது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்.ஐ.வி. உள்ளவரின் சம்மதமில்லாமல் எப்போது, யாருக்குச் சொல்லலாம் என்பதற்கு 2017-இல் தனிச் சட்டமே வந்தது. இதையெல்லாம் படித்தபோது என் களிம்பு டப்பாதான் நினைவுக்கு வந்தது. பெண் வீட்டாருக்குச் சொல்லியனுப்பும் அளவுக்கு என் படர்தாமரைக்கு அந்தஸ்து போதாது.

இப்போது கம்பவுண்டர் இல்லை, குரலும் இல்லை. 'டோக்கன் பதினேழு' என்று மட்டும் கூப்பிடுகிறார்கள், என் பெயர்கூட வெளியே தெரிவதில்லை. அடடா, என்ன கண்ணியம் என்று பூரித்து, ரத்தப் பரிசோதனைக் கவுன்ட்டரில் போன் நம்பர் கேட்டபோது, எனக்கு இந்த பிடிஎஃப் எல்லாம் திறக்க வராது என்பதால் மகள் நம்பரைக் கொடுத்தேன். நான் வீட்டுப்படி ஏறுவதற்குள் என் சர்க்கரை குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், துபாயிலிருக்கும் மைத்துனன் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பி, என் காபி கசந்துவிட்டிருந்தது. கம்பவுண்டரின் குரல் தெருவைத் தாண்டியதில்லை.

சித்தப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாதம் சித்தி வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க சித்தப்பாவுக்கு நடராஜர் மேல அப்படி என்னடா பக்தி? மாசம் தவறாம சிதம்பரம் ஓடுவாரே!"

"ரொம்ப பக்தி சித்தி" என்றேன்.