விழா வரும், படம் வராது

ரொறன்ரோ,
பெப்ரவரி 2026

அன்பின் மச்சானுக்கு,

இந்தமுறை ஒஸ்கார் எந்தப் படத்துக்கு என்றும், படங்களைப் பார்க்காமல் எப்படி அதைப்பற்றிக் கதைக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இரண்டாவது கேள்விதான் பகிடி. முல்லைத்தீவில் இருக்கிறபடியால்தான் படங்கள் தவறிப்போகின்றன என்று நினைக்கிறாய் போல. இந்த நாட்டில் பனி வழிப்பதும் விருதுகளைப் பற்றிக் கதைப்பதும் ஒரே பருவத்து வேலைகள். ஜனவரியில் கோல்டன் குளோப், பிறகு லண்டனில் பாஃப்டா, இடையிலே நடிகர் சங்கம், இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் என்று ஆளுக்கொரு மேடை, கடைசியில் மார்ச் 15 ஒஸ்கார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் பாக்குத்தெண்டலும் தீர்த்தமெடுப்பும் வருகிறதுபோல இதற்கும் படிப்படியான சடங்குகள் உண்டு. கந்தோர்களில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவார்கள். 24 பிரிவு, ஆளுக்கு ஐந்து டொலர், வெல்லப்போவது எது என்று குறிக்கவேண்டும். குறிக்கிறவர்களில் பாதிப்பேர் பாதிப் படத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். குறும்படப் பிரிவுக்கு வந்தால் எந்தப் படத்தின் பெயர் வடிவாயிருக்கிறதோ அதற்குப் புள்ளடி. அப்படிப் போட்டவர்தான் அநேகமாகக் காசையும் கொண்டுபோவார். ஆகவே நீ தாராளமாகக் கதைக்கலாம். தகுதியில் உனக்கு ஒரு குறையும் இல்லை.

சாதாரண சனத்தை விடு, வாக்குப் போடுகிறவர்களின் சீர் எப்படி என்று பார். 2025 ஏப்ரலில், ஒஸ்காரை நடத்துகிற அக்கடமி ஒரு விதி கொண்டுவந்தது. இறுதிச்சுற்றில், ஒரு பிரிவுக்கு வந்திருக்கிற எல்லாப் படங்களையும் பார்த்த உறுப்பினர்தான் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம். ஒருசில பிரிவுகளுக்கு இப்படியொரு கட்டுப்பாடு முன்பே இருந்தது. எல்லாப் பிரிவுக்கும் வேண்டும் என்று தோன்ற, 1929இல் தொடங்கிய விழாவுக்கு 96 வருடம் பிடித்திருக்கிறது. அதற்கு முன்னே ஹொலிவூட் ரிப்போர்ட்டர் என்ற சஞ்சிகையில் வருடாவருடம் பெயர் சொல்லாத வாக்காளர்கள் சிலர் மனந்திறந்து கதைப்பார்கள். இந்தப் படம் நீளம், பார்க்கவில்லை, அந்தப் படம் அரைவாசியில் நிற்பாட்டினேன் என்று வெட்கமில்லாமல் சொல்வார்கள். புதிய விதியிலும் ஒரு பொட்டு இருக்கிறது. அக்கடமியின் சொந்த இணையத் திரையில் பார்த்தால் கணக்கில் தானாகவே பதிவாகும். தியேட்டரிலோ திரைப்பட விழாவிலோ பார்த்திருந்தால், எங்கே எப்போது பார்த்தேன் என்று உறுப்பினரே ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். எங்கள் நாட்டில் என்றால் விதானையாரின் உறுதிப்படுத்தற் கடிதமும், அதன்மேல் பிரதேச செயலாளரின் ஒப்பமும் இல்லாமல் அந்தப் படிவம் மேசை தாண்டாது. ஹொலிவூட்காரர் ஒருவரையொருவர் நம்புகிறார்கள். நல்ல விசயம்தான்.

விதியைப் பார்த்து இங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அக்கடமி மருந்து கட்டியது புண்ணுக்குப் பக்கத்திலே என்பதுதான் என் எண்ணம். வாக்காளர்கள் பத்தாயிரத்துக்குச் சற்று மேலே. அவர்கள் பார்க்காதது ஒரு சின்னக் குறை. விருது கிடைத்த பிறகும் அந்தப் படத்தை உலகம் பார்க்கமுடியாமல் இருப்பதுதான் பெரிய குறை. அதைப்பற்றி எந்த விதியும் இல்லை. பார்த்தவர் கொடுத்தாரா என்று விருதை அளந்தது போதும். அடுத்த வருடம் அந்தப் படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அளந்து பார்க்கவேண்டும். அந்த அளவுகோலைப் பிடித்தால் அநேக விருதுகள் குட்டையாய்ப் போகும்.

சனம் பார்க்காத படத்துக்கு விருது கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். டைட்டானிக் வென்ற 1998இல் அமெரிக்காவில் மட்டும் விழாவைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேர். நோமட்லான்ட் வென்ற 2021இல் அது ஒரு கோடியளவுக்கு இறங்கியது. கொரோனாவும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கடமியின் பயம் அதைவிடப் பழையது. 2009இல் டார்க் நைட் படத்தைச் சிறந்த படத்துக்கான பட்டியலில் சேர்க்காமல் விட்டு ஏச்சு வாங்கியபிறகு, ஐந்தாக இருந்த பட்டியலைப் பத்தாக்கினார்கள். அடுத்த விழாவிலேயே, உலகம் முழுக்கப் பார்த்த அவதாரை ஓரமாக வைத்துவிட்டு, மிகக்குறைந்த வசூலோடு வந்த ஹேர்ட் லொக்கருக்குக் கொடுத்தார்கள். நல்ல படம், கொடுத்ததில் பிழையில்லை. 2018இல் சனரஞ்சகப் படத்துக்கு என்று தனியாக ஒரு விருது அறிவித்து, ஒரு மாதம் போகுமுன்னமே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பட்டியலை நீட்டியும் குறுக்கியும் பார்த்தார்களே தவிர, வென்ற படத்தைச் சனத்திடம் கொண்டுபோவது எப்படி என்று யோசிக்கவில்லை. அனோரா என்று போன வருடம் வென்ற படம் 60 லட்சம் டொலரில் எடுத்தது. அதை விளம்பரப்படுத்த மூன்று மடங்கு செலவானதாகச் செய்தி. ஒரு படத்தை எடுப்பதைவிட, பார்க்கச்சொல்லிக் கெஞ்சுவதற்குக் கூடக் காசு போகிற தொழில் இது.

இனித் தமிழுக்கு வா. பி.எஸ். வினோத்ராஜின் கூழாங்கல் 2021 தொடக்கத்தில் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது வென்றது. அந்த வருடமே இந்தியா அதை ஒஸ்காருக்கு அனுப்பியது. சனத்துக்குப் பார்க்கக் கிடைத்தது 2023 ஒக்ரோபரில், அதுவும் ஓர் இணையத் தளத்தில். இரண்டரை வருடமாக அந்தப் படம் பெயராக மட்டும் இருந்தது. இத்தனைக்கும் அதில் விளங்காத சங்கதி ஒன்றுமே இல்லை. குடிகாரத் தகப்பனும் சின்னப் பெடியனும் கொதிவெயிலில் பொட்டல்வெளியால் நடக்கிறார்கள். தாகத்துக்குப் பெடியன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. அவன் எத்தனை தரம் அப்படி நடந்திருப்பான் என்று எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஒட்டுசுட்டான் றோட்டில் பஸ் வராத மத்தியானத்தில் நடந்த எவருக்கும் இதற்கு உரை வேண்டாம். ரொட்டர்டாமில் குளிருக்குக் கோட் போட்டவர்கள் முதலில் பார்த்தார்கள், மதுரைப் பக்கத்து வெயிலில் நடக்கிறவர்கள் கடைசியில் பார்த்தார்கள். இந்த வரிசை எனக்கு ஒத்துவரவில்லை.

எங்களைப் பற்றிய படங்களின் கதி இன்னும் விசேஷம். 2015இல் கான் விழாவில் தீபன் என்ற படம் தங்கப்பனை விருதை வென்றது. இயக்கியவர் பிரான்சுக்காரரான ஜாக் ஓடியார். நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி. பேசுவது பெரும்பாலும் தமிழ். ஆரம்பத்தில் இருட்டுக்குள்ளே ஏதோ மினுங்கிக்கொண்டு வரும். கிட்ட வந்தபிறகுதான் தெரியும், தலையில் மினுங்கும் விளையாட்டுச் சாமானை மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் அதையே விற்கிற எங்கடை ஆள். புலம்பெயர்ந்த வாழ்க்கையை அவ்வளவு சுருக்கமாக வேறு எவரும் காட்டவில்லை. ஆனால் அந்த வருடம் பிரான்ஸ் ஒஸ்காருக்கு அனுப்பியது அதை இல்லை, துருக்கி மொழியில் எடுத்த முஸ்டாங்கை. பிறகு 2020இல் கனடாவின் முறை. தீபா மேத்தாவின் ஃபன்னி போய், 1983 கலவரத்தோடு முடிகிற கொழும்புத் தமிழ்ப் பையனின் கதை. சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதிலே ஆங்கிலம் கூடிப்போச்சு என்று அக்கடமி தள்ளிவிட்டது. அதற்கிடையில், நடிகர்கள் பேசுகிற தமிழ் சரியில்லை என்று இங்குள்ள தமிழர் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு எங்கள் மொழி குறைச்சல், மற்றவருக்கு இருக்கிற மொழியும் பிழை. இரண்டு பக்கத்திலும் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுக் கதைத்தவர்கள் எத்தனை பேரோ.

முல்லைத்தீவுக்காரன் இதைச் சிரித்துக்கொண்டே முடிக்க ஏலாது. கலம் மக்ரே 2013இல் எடுத்த நோ ஃபயர் ஸோன், முள்ளிவாய்க்கால் வரை நடந்ததைக் காட்டுகிற விவரணப்படம். அதைக் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக ஒருவருக்கு 2017இல் பத்தாயிரம் ரிங்கிட் தண்டம் விழுந்தது. மலேசியாவிலேயே அப்படியென்றால் முல்லைத்தீவில் திரை கட்டுவதை நினைத்துப்பார். ஜூட் ரட்ணத்தின் டீமன்ஸ் இன் பரடைஸ் 2017இல் கானில் சிறப்புக் காட்சியாக ஓடியது. அடுத்த வருடம் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில், எதிர்ப்பு வந்ததால் நிகழ்ச்சிநிரலில் இருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தோடு எனக்கும் சில பிணக்கு உண்டு. அதைச் சொல்லிச் சண்டைபிடிக்கவும் படம் திரையேற வேண்டுமே. கான் பார்த்துக் கைதட்டியது, யாழ்ப்பாணம் பார்க்காமலே பிளவுபட்டது. தடுத்த படங்கள் ஒருபுறம் இருக்க, 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது சாம்பலான சுருள்களை இனி எந்த விழாவும் தேடித் தரப்போவதில்லை. அவை நிரந்தரமாகவே பார்க்காத படங்கள்.

நீ இப்போது இரண்டு மூன்று மறுப்புச் சொல்வாய், எனக்குத் தெரியும். முதலாவது, ஒஸ்காருக்குத் தகுதியான படங்களே வருடத்துக்கு 300க்கு மேல், எல்லாவற்றையும் எவன் பார்ப்பான்? ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. அதற்காகத்தான் விருது என்ற ஒன்று இருக்கிறது. முந்நூறைப் பத்தாக்கி, இதைப் பார் என்று கைகாட்டுவதுதான் அதன் வேலை. கைகாட்டின பக்கம் றோட்டே இல்லையென்றால்தான் எனக்குக் கோபம். இரண்டாவது, இப்படிப் படங்களைச் சனம் விரும்பாது, திரை கட்டினாலும் விஜய் படம்தான் கேட்கும் என்பாய். கேட்கட்டும். ஆனால் காக்கா முட்டை 2014இல் ரொறன்ரோ விழாவில் முதன்முதல் ஓடி, அடுத்த வருடம் தேசிய விருதோடு தியேட்டருக்கு வந்து, காசும் பார்த்தது. பெரிய நடிகர் ஒருவரும் அதில் முக்கிய வேடத்தில் இல்லை. பீட்சா தின்ன ஆசைப்பட்ட இரண்டு பெடியளின் கதை, அவ்வளவுதான். சனம் விரும்பாது என்று சொல்கிறவர்கள் சனத்திடம் காட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. மறுபக்கம், சனத்துக்குப் பிடித்ததற்கே விருது என்று தொடங்கினால் எங்கே முடியும் என்பதைத் தமிழ்த் தொலைக்காட்சி விருது விழாக்களில் பார்க்கிறாய். வந்து முன்வரிசையில் இருந்தவருக்கெல்லாம் ஒரு கேடயம். வராதவர் அந்த வருடம் நடிக்கவே இல்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே, பிறகு எதற்கு றோட்டு? கிடைக்கிறது, ஆனால் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இங்கே ஒரு தளத்தில் இருக்கிற படம் அங்கே அதே தளத்தில் இராது. மாதக் கட்டணத்தை டொலரில் நினைத்தவன் அதை ரூபாயில் கொடுக்கிறவனை நினைக்கவில்லை. ஆகவே வன்னிக்கு ஒழுங்காகப் படம் கொண்டுவருகிற ஒரே விநியோகஸ்தர் திருட்டுத்தளக்காரர்தான். அவரும் விஜய் படத்தைத்தான் முதல் நாளே கொண்டுவருவார், கூழாங்கல்லுக்காக மினக்கெட மாட்டார். ஜெனரேற்றரும் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊரே முற்றத்தில் குந்தி விடியவிடிய நாலு படம் பார்த்த காலத்திலும் கொப்பியை எவரோ சுமந்துகொண்டு வரவேண்டியிருந்தது. இப்போது சுமக்கிற பாரம் போய்விட்டது. அனுமதிதான் பாரம்.

அக்கடமி 2025 டிசம்பரில் இன்னொரு அறிவித்தல் விட்டது. 2029 தொடக்கம் விழா முழுவதும் யூரியூபில், உலகம் எங்கும் இலவசம். உங்களுக்கு அது திங்கள் விடியக்காலமை நாலரை மணியளவில் இருக்கும். நல்லது. முல்லைத்தீவில் இருந்துகொண்டு, நீ பார்க்கமுடியாத படத்துக்குப் பரிசு கொடுப்பதை ஒரு சதமும் செலவில்லாமல் நேரடியாகப் பார்க்கலாம். அதே இலவசத்தில் படங்களையும் போடு என்று நான் கேட்கவில்லை. தயாரிப்பாளன் வீட்டிலும் உலை வைக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் பட்டியலுக்கு வருகிற குறும்படங்கள் பதினைந்து. அவை தியேட்டரில் ஓடிக் காசு பார்ப்பது அருமை. விழா வாரத்தில் அந்தப் பதினைந்தையும் அதே யூரியூபில் வைத்தால் எவரும் கெட்டுப்போக மாட்டார். நடக்காத காரியம் என்று சொல்லாதே. நியூயோர்க் ரைம்ஸ் 2021இல் யூரியூபில் போட்ட குயின் ஒஃப் பாஸ்கெற்போல் என்ற 22 நிமிட விவரணப்படம் அடுத்த வருடம் ஒஸ்காரே வாங்கியது. 1976 ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளியைப் போட்ட லூசியா ஹாரிஸ் தன் கதையைத் தானே சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். அந்த விருதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, சில வாரங்களுக்கு முன்னர் காலமாகிவிட்டார்.

டேட்டா மிச்சம் இருக்கிற இரவொன்றில் அதைப் பார். பார்த்துவிட்டுப் பிடித்ததா இல்லையா என்று எழுது. கந்தோர்த் தாளில் இந்த வருடம் எதற்குப் புள்ளடி போடுகிறது என்று நீயும் ஒரு பெயர் அனுப்பு, குறும்படப் பிரிவுக்கு உன் கையைத்தான் நம்பியிருக்கிறேன். அத்தைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்