களவுபோன கணவர்

டோனி மாரிசனின் ‘சூலா’ நாவல் வெளிவந்தது 1973-இல். இன்னமும் அதற்கு வரும் மதிப்புரை எல்லாம் ஒரே அச்சுதான். இந்த வாரம் கண்ணில் பட்டதும் விலக்கல்ல. இரண்டு தோழிகளில் நெல் நல்லவள், சூலா பொல்லாதவள், தோழியின் புருஷனைத் தோழியே தட்டிக்கொண்டு போய்விட்டாள், சுபம். அந்தப் புருஷர் ஜூட் என்ன, கொல்லையில் கவிழ்த்து வைத்த பித்தளை அண்டாவா, ஆளில்லாத நேரம் பார்த்து ஒருத்தி தூக்கிக்கொண்டு போக? அண்டாவாவது தூக்கும்போது ‘ணங்’கென்று ஆட்சேபம் தெரிவிக்கும். இவர் முனகியதாகக்கூட நாவலில் தகவல் இல்லை. மனைவியையும் மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தன் சொந்தக் காலில் டெட்ராய்ட்டுக்குப் போனார். மறந்துபோய் விட்டுச் சென்றது ஒரு டை. சூலாவும் சீக்கிரமே அவரைக் கைகழுவிவிட்டாள். திருடியே வேண்டாமென்று விட்ட பிறகும் வீடு திரும்பாத களவுப்பொருளை எந்தக் காவல் நிலையம் ஏற்கும்? அண்டாவாக இருந்திருந்தால் இந்நேரம் புளி போட்டுத் துலக்கி, பழைய இடத்திலேயே கவிழ்த்திருக்கலாம். ஒடுக்கு விழுந்திருந்தால் ஈயக்காரரிடம் கொடுக்கலாம். ஜூடை யாரிடம் கொடுப்பது?

‘அப்படியானால் சூலா செய்தது துரோகமில்லையா?’ என்று கேட்பார்கள். துரோகம்தான், யார் இல்லையென்றது? ஆனால் நெல் இழந்தது எதை என்பதல்லவா கேள்வி! சூலா 1940-இல் செத்துப்போகிறாள். இத்தனை காலம் தான் ஏங்கியது ஜூடுக்காக அல்ல, சூலாவுக்காகத்தான் என்று நெல்லுக்கு உறைப்பது 1965-இல், கடைசிப் பக்கத்தில். மதிப்புரைக்காரர்களுக்கு அதுவரை பொறுமை இல்லை. கதை நடக்கும் மெடாலியன் ஊர்க்காரர்களும் இவர்களைப் போலத்தான். சூலாவைப் பேய் என்று முடிவுகட்டியதும் அவரவர் புருஷன் பிள்ளைகள்மேல் திடீர்ப் பாசம் பொங்குகிறது. அவள் செத்ததும் பாசம் வற்றிப் பழைய கதைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒருத்தியைத் திட்டினால் நாம் உத்தமர்கள் ஆகிவிடலாம் என்பது எவ்வளவு மலிவான வசதி!

‘ஒரு நாவலை வைத்துப் பொதுவாகப் பேசலாமா?’ பேசலாம். எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்களில் லீலா, லெனு இருவரையும் நீனோ ஏமாற்றுகிறான். வாசகர்களோ எந்தப் பெண் மோசம் என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். தன்னைப் பற்றி எழுதாதே என்று லீலா கேட்டுக்கொண்ட பிறகும் லெனு எழுதுகிறாளே, அந்தத் துரோகத்துக்குப் பட்டிமன்றத்தில் நேரமில்லை.

உண்மையில் ‘சூலா’வின் முடிச்சு ஜூடிடமே இல்லை. 1922-இல் சூலாவின் கைநழுவி ஒரு சிறுவன் ஆற்றில் விழுந்து மூழ்குகிறான்; கரையில் நின்று நெல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கே தொடங்கி விரிவாக எழுதுவதாகத்தான் உத்தேசம். இருந்த இடத்தையெல்லாம் அந்த ஜூட் அடைத்துக்கொண்டுவிட்டார்.