அண்ணாவியாருக்குப் பக்க எண் உண்டா?

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரையா? வாவிக்கரை ஊர்களில் அண்ணாவிமார் இருக்கிறார்கள். ஏட்டைத் திறக்காமலே விடியவிடியக் கூத்தை நடத்திவிடுவார்கள். ஆனால் அவர்கள் ஆதாரம் ஆகமாட்டார்கள். பதிப்பகமும் இல்லை, பக்க எண்ணும் இல்லை.

ஆகவே கட்டுரை எழுதும் பிள்ளை நூல் தேடிப் புறப்படுகிறது. வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) அகப்பட்டால் யோகம். புத்தகம் 'இரவலில் உள்ளது' என்றால், நூலகம் இணையத்தளமே கதி. தாய்வழிக் குடிமுறை பற்றி ஒரு பந்தி வேண்டுமானால் டெனிஸ் மக்கில்வ்ரே ஆங்கிலத்தில் எழுதிய நூல் இருக்கிறது. டியூக் பல்கலைக்கழக வெளியீடு, 2008. அக்கரைப்பற்றில் தங்கி, நம் சனங்களிடம் கேட்டு எழுதிய நல்ல நூல்தான். அதே சேதியைப் பெத்தாச்சி திண்ணையில் சொன்னால் பழங்கதை. அமெரிக்காவில் அச்சாகி வந்தால் மேற்கோள்.

காரைதீவு விபுலானந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையைத் துருவித்துருவி ஆராய்ந்து எழுதிய 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது. இன்று சமர்ப்பித்திருந்தால் ஒரு குறிப்போடு திரும்பி வந்திருக்கும்: “முயற்சி நன்று. ஆனால் இளங்கோவடிகள் மிகப் பழையவர். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியான ஆதாரங்களைச் சேர்க்கவும்.”