ஒரே மெட்டு, இரண்டு சாவு

கேள்வி: லண்டனில் ‘லே மிஸராப்ல்’ இசை நாடகம் 1985லிருந்து ஓடுகிறதாமே! கதை தெரிந்தவர்களே திரும்பத் திரும்பப் போய் அழுவது ஏன்?

பதில்: விமர்சகர்கள் பேச்சு பலித்திருந்தால் அது அந்த வருடக் கிறிஸ்துமஸைக்கூடப் பார்த்திருக்காது. அக்டோபரில் பார்பிகன் அரங்கில் தொடங்கியபோது பத்திரிகைகளில் பலத்த அடி. ஜனங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு டிக்கெட் வாங்கினார்கள். டிசம்பரிலேயே பாலஸ் தியேட்டருக்குக் குடிபோனது.

அழவைக்கிற ஆசாமி இசையமைப்பாளர் க்ளோத் மிஷேல் ஷோன்பெர்க். கள்ளத்தனம் எங்கே என்றால், மெட்டில்! சாகும் தறுவாயில் ஃபான்டீன் என்ற தாய் மகளை நினைத்துப் பாடுகிறாள். பிற்பாடு, கைகூடாத காதலை எபொனீன் என்ற பெண் பாடும்போது வருவதும் அதே மெட்டுதான். மூளைக்கு எட்டுவதற்குள் கண்ணுக்கு எட்டிவிடுகிறது.

இன்னொன்று இதைவிடப் பொல்லாதது. பிஷப் காட்டிய கருணையில் கலங்கிப்போன கதாநாயகன் வால்ஜான், தனக்குள் இருந்த பழைய கைதியைக் கொன்றுவிட்டுப் புது மனிதனாகிறான். அவனைத் துரத்திய போலீஸ்காரன் ஜாவேர், அதே வால்ஜானிடம் உயிர்ப்பிச்சை பெற்று, அதைத் தாங்கமாட்டாமல் செய்ன் நதியில் குதிக்கிறான். இரண்டுக்கும் ஒரே மெட்டு. கருணை ஒருவனைப் பிழைக்க வைக்கிறது, ஒருவனைக் கொல்கிறது. இதை வசனத்தில் சொன்னால் கொட்டாவி வரும்.

நம் ஊருக்கும் ஜாவேர் அந்நியரில்லை. இந்த நாடகத்துக்கு மூலமான விக்டர் ஹ்யூகோவின் நாவல்தான் 1950இல் ‘ஏழை படும் பாடு’ படமானது. அதில் அந்தப் போலீஸ்காரராக நடித்த சீதாராமன், ஆயுள் முழுக்க ‘ஜாவர்’ சீதாராமனாகவே இருந்தார்.